பஸ் அக்காவின் இரண்டு பாடங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகவேண்டும் என்று அந்தக் கல்லூரியில் படிக்கிற நூற்று முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஆலோசகர் ஒருவர்தான். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் எடுப்பது, எதை முடித்தால் எது திறக்கும், கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்குப் போவது, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு அடுத்த அறை அவருடையது. இயந்திரம் ஓடும்போதெல்லாம் சுவர் லேசாக அதிரும்.

வருகிறவர்களில் பாதிப்பேர் பாடத்தைப் பற்றிப் பேச வருவதில்லை. வீட்டில் சண்டை, காதலில் சண்டை, முப்பது குழந்தைகள் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இப்படி ஏதாவது இருக்கும். ஆலோசகர் பொறுமையாகக் கேட்பார். பத்தொன்பது வருடமாகக் கேட்டு வருகிறார். "மேடம்கிட்ட போனா பாதி பாரம் அங்கயே இறங்கிடும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடைசி செமஸ்டர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு, பட்டம் வாங்கப் போகிறவர்களின் பாடப் பதிவுத் தாள்களைக் கணினி மொத்தமாகச் சரிபார்க்கும். எல்லாம் முடித்தவர்களுக்குப் பச்சை. விடுபட்டிருந்தால் சிவப்பு. அந்த வருடம் முப்பத்தோரு பேர். முப்பது பேர் பச்சையாக வந்தார்கள். ஒரே ஒரு தாளில் இரண்டு வரிகள் சிவப்பாக இருந்தன. அறிவியல் கற்பித்தல் ஒன்று, தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் என்ற பாடம் இன்னொன்று. தாள் பஸ் அக்காவுடையது.

கணினிக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று ஆலோசகர் நினைத்தார்.

பஸ் அக்கா என்பது குழந்தைகள் வைத்த பெயர். ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவள் அவள். ஒன்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தபின், இருபத்தொன்பதாவது வயதில், வண்டி நின்றிருக்கும் நேரத்தில் வகுப்புகளுக்கு வர ஏற்பாடு செய்துகொண்டு கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் வண்டியை முடித்துவிட்டுக் கழுத்தில் தொங்கும் விசிலோடு அப்படியே வகுப்பில் வந்து உட்காருவாள். அவளைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். முதல் பயிற்சி வகுப்பில் அவள் எழுந்து நின்றதும் நாற்பது குழந்தைகள் கப்சிப் என்று அடங்கியதைப் பார்த்தபிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் அதட்டவே இல்லை. ஒவ்வொரு தலையாகக் கண்ணாலேயே எண்ணினாள். அவ்வளவுதான். அவள் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை, "படிச்சு முடிச்சுட்டு வா, ரெண்டாம் வகுப்பு உனக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தார். அரசுப் பள்ளியில் முதல் வேலைக்கு முப்பத்தைந்து வயது ஆவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அவளுக்கு இப்போது முப்பத்து நாலு. ஒன்பது மாதம் இருந்தது.

ஆலோசகர் பதிவாளர் அலுவலகத்துக்கு போன் போட்டார். எடுத்தவர் அங்கிருந்த மூத்த எழுத்தர். எதைக் கேட்டாலும் நாளைக்கு வரச் சொல்வதால் அவருக்கு 'நாளைக்கு ஐயா' என்றே பெயர். அன்றைக்கென்று பார்த்து அவர் உடனே பதில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு நடுவுல லீவுல போயிருக்கே மேடம்?"

"ரெண்டு செமஸ்டர் போனாங்க. அதுக்கு அனுமதி இருக்கே."

"அப்ப இருந்துச்சு. அவங்க லீவுல இருக்கும்போது விதி மாறிடுச்சு. ஒரு செமஸ்டருக்கு மேல லீவு போட்டா, திரும்பி வரும்போது புதுப் பாடத்திட்டம். அதுல இந்த ரெண்டும் சேர்த்தி. சுற்றறிக்கை வந்துச்சே, பார்க்கலையா?"

பார்த்திருந்தார். பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது அது கிடைத்தது. "நீண்ட விடுப்பில் இருக்கும் மாணவர்கள் முதல் செமஸ்டர் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டால் பழைய திட்டத்திலேயே தொடரலாம்" என்று மூன்றாவது பத்தியில் தெளிவாக இருந்தது. அது வந்த அன்றே, தம்முடைய மாணவர்கள் எல்லாருக்கும் அதை அவர் அனுப்பி வைத்திருந்தார். அனுப்பிய பட்டியலை இப்போது மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். விடுப்பில் போகிறவர்களின் பெயர் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அன்று நினைவுக்கு வரவில்லை.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பஸ் அக்காவின் அம்மா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்த வாரம் அது. விடுப்பு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். "ஒரு செமஸ்டர் போதுமா, ரெண்டு போடட்டுமா மேடம்? படிப்புக்கு ஏதும் ஆகிடாதே?" என்று கேட்டாள். ஆலோசகர்தான் பேனாவை வாங்கி இரண்டு என்று எழுதினார். "அம்மாவைப் பாருங்க முதல்ல. இங்க ஒண்ணும் ஆகாது. உங்க இடம் உங்களுக்குத்தான்." அவள் திரும்பி வந்தபிறகும் செமஸ்டருக்கு செமஸ்டர் பழைய திட்டத்தின் தாளை வைத்தே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். மூன்று கையெழுத்து. மூன்றும் அவருடையதுதான்.

இரண்டு பாடங்களும் வருடத்தின் முதல் செமஸ்டரில் மட்டும் நடப்பவை. அவற்றை முடிக்காமல் கடைசிக் கற்பித்தல் பயிற்சிக்குப் போக முடியாது. ஆக ஒரு வருடம். ஒரு வருடத்தில் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

மறுநாள் பஸ் அக்காவே வந்துவிட்டாள். பயிற்சிப் பள்ளிக்கான கடிதத்தை வாங்க வந்திருந்தாள். உள்ளே வரும்போதே சிரிப்பு.

"மேடம், ரெண்டாம் வகுப்பு ஜன்னல் பக்கம் ஒரு அலமாரி சும்மா கிடக்கு. தலைமையாசிரியை என்னை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. கதைப் புத்தகமா அடுக்கப் போறேன்."

"உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். ஆலோசகர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று ஆலோசகர் காத்திருந்தார்.  கடைசியில் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டித்தான் சொன்னார். விதி மாறியதையும், சுற்றறிக்கையையும், பட்டியலையும், தம்முடைய கையெழுத்துகளையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

பஸ் அக்கா அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்தாள். பிறகு விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினாள். ஒரு தடவை எண்ணியது தப்போ என்னவோ, மறுபடி எண்ணினாள்.

"வயசுக்கு ஏதாவது சலுகை இருக்குமா மேடம்?"

"கேட்கிறேன்."

"இந்த ரெண்டு பாடத்தையும் நான் வீட்டுல படிச்சுத் தனியா பரீட்சை எழுதினா?"

"அதையும் கேட்கிறேன்."

"கேளுங்க மேடம். நீங்க கேட்டா செய்வாங்க." அவள் எழுந்தாள். "வண்டிக்கு நேரமாச்சு."

கதவு வரை போனவள் திரும்பி, "நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. நூத்து முப்பது பேரை வச்சுக்கிட்டு நீங்க ஒருத்தர் என்ன பண்ணுவீங்க" என்றாள். 

தப்பு தம்முடையது, மாணவியுடையது அல்ல, ஆகவே அவளைப் பழைய திட்டத்தில் பட்டம் வாங்க விட வேண்டும் என்று அவர் இரண்டு பக்கம் எழுதினார். வீட்டில் கணவர் அதை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"இதை அப்படியே குடுக்கப் போறியா? நம்ம கையாலேயே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி இருக்கு."

"வேற எப்படி எழுதுறது?"

"'தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி'ன்னு எழுதேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க."

"இடைவெளி எங்கேயும் ஏற்படலை. நான்தான் மறந்தேன்."

கணவர் பேனாவை எடுத்தார். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தார்.

பாடத்திட்டக் குழுவில் ஐந்து பேர். நீள மேசையின் ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் ஆலோசகர் மட்டும். பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். துறைத்தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க" என்றார். இன்னொருவர், "அந்தப் பொண்ணு வகுப்பெடுக்கிறதை நானே பார்த்திருக்கேன், பிறவி ஆசிரியை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாம விலக்கு குடுக்கலாம் மேடம். நாளைக்கே குடுக்கலாம். பட்டமும் கிடைச்சுடும். ஆனா ஆசிரியர் உரிமம் குடுக்கிறது நாம இல்லையே. உரிம வாரியத்துல இந்த ரெண்டு பாடத்தோட மதிப்பெண் இல்லாம தாளையே வாங்க மாட்டாங்க. உரிமம் இல்லாத பட்டத்தை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன செய்யும்?"

"தனியா பரீட்சை?"

"பயிற்சி நேரம் அறுபது மணி இருக்கு ரெண்டுலயும். அதை எப்படிப் பரீட்சையா எழுதுறது?"

ஏழாவது நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வரும்போது துறைத்தலைவர் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "கடிதம் உங்க கோப்புல போகும். சும்மா நடைமுறைக்குத்தான்" என்றார். "போகட்டும்" என்றார் ஆலோசகர். அதனால் பஸ் அக்காவுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கப் போவதில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

அடுத்த வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு உரிம வாரியத்துக்கே போனார். டோக்கன் எண் எண்பத்தேழு. பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம். கவுண்டரில் இருந்த அதிகாரி வயதில் சின்னவள். தலைவலித் தைலம் பூசியிருந்தாள், வாசனை கண்ணாடியைத் தாண்டி வந்தது. முழுக்கக் கேட்டாள். இடையில் ஒரு தடவை கூடக் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினாள்.

"எல்லாமே இந்த மாதிரி மனுதாங்க. ஒருத்தருக்குப் பிரசவம், ஒருத்தருக்கு விபத்து, ஒருத்தருக்கு அப்பா போயிட்டார். ஒவ்வொண்ணையும் படிக்கிறேன். படிச்சா அழுகைதான் வருது. விதியில எங்கயாவது ஒரு ஓட்டை இருந்தா, சத்தியமா நானே காட்டிக் குடுத்துடுவேன்."

"யாரைப் பார்க்கணும் சொல்லுங்க. மேல யார் இருக்காங்க?"

"மேல இருக்கிறவங்க என்கிட்டதான் அனுப்புவாங்க." அவள் மனுவை வாங்கி முத்திரை குத்தி, தட்டில் அந்தக் கட்டுக்கு மேலே வைத்தாள். "பதில் வரும்ங்க. என்ன பதில்னு உங்களுக்கே தெரியும்."

பதில் பதினோரு நாளில் வந்தது. நான்கு வரி.

பஸ் அக்கா அதை நின்றபடியே படித்தாள். மடித்து மேசையில் வைத்தாள். ஆலோசகர் முன்னால் இரண்டு படிவங்கள் தயாராக இருந்தன. ஒன்று, கல்வியியல் பட்டம், உரிமம் இல்லாமல், இந்த வருடமே. இன்னொன்று, அடுத்த வருடம் முழுக்கப் படித்து உரிமத்தோடு. ஆனால் அப்போது அரசுப் பள்ளிக்கு வயது போயிருக்கும், தனியார் பள்ளிகளில் தேடிப் பார்க்கலாம். தனியார் பள்ளிகள் இருபத்திரண்டு வயதுப் பெண்களைத் தேடுகின்றன என்பது இருவருக்குமே தெரியும்.

"நீங்க எதைச் சொல்றீங்க மேடம்?"

ஆலோசகர் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடமாகத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிவந்த வாய் அது. "எனக்குத் தெரியலை" என்றார்.

"தெரியலையா?"

"சத்தியமா தெரியலை. என்ன சொன்னாலும் தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க. நான்..."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் மேடம்." அவள் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை ஆலோசகர் அதுவரை கேட்டதில்லை. "லீவு போட வந்த அன்னிக்கு நான் பதிவாளர் ஆபீஸுக்குத்தான் முதல்ல போறதா இருந்தேன். வழியில உங்க ரூம் திறந்திருந்துச்சு. உங்ககிட்ட கேட்டா போதும்னு உள்ள வந்தேன். நீங்க நல்லவங்க. அதுதான் வினையாப் போச்சு. கொஞ்சம் சிடுசிடுன்னு இருந்திருந்தீங்கன்னா நான் நாலு இடத்துல விசாரிச்சிருப்பேன். வண்டியில ஒரு பிள்ளை ஏறலைன்னா நான் வண்டியை எடுக்க விடமாட்டேன் மேடம். மழையா இருந்தாலும் இறங்கிப் போய்த் தேடுவேன். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையை விட்டதில்லை. நூத்து முப்பது பேருக்கு அனுப்புனீங்களே, ஒரு தலை குறையுதேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

  இழுப்பறையில் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுக்க ஆலோசகரின் கை போனது. எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றி நின்றது. அழுதது அவர்தான். பஸ் அக்கா அழவில்லை. வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு முதல் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா இன்னொரு வருஷம் இருப்பாங்களான்னு டாக்டருக்கே தெரியலை. பட்டத்தையாவது கையில வாங்கிப் பார்க்கட்டும்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆலோசகர் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசியில், தேர்ச்சி பெற்ற முப்பது பேரில் ஒருத்தி, எப்போதும் ஓடியே வருகிற ஒரு பெண், மூச்சிரைக்க அறைக்குள் வந்தாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டாம் வகுப்பு. பள்ளியின் பெயரைச் சொன்னாள். இங்கே கையெழுத்துப் போடுங்கள் மேடம் என்று தாளை நீட்டினாள்.

"அங்க ஒரு அலமாரி காலியா இருக்கு மேடம், ஜன்னலோரமா! செடி வைக்கலாமா, புத்தகம் வைக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"புத்தகம் வைங்க" என்றார் ஆலோசகர். கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். நல்ல பெண்தான், கொஞ்சம் பதற்றம், மற்றபடி கெட்டிக்காரி. அவள் போனபின் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார்.

அடுத்த பயிற்சிப் பருவத்தில் புது மாணவர்களைப் பார்வையிட அதே பள்ளிக்குப் போகவேண்டி வந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டார், ஆள் இல்லை. போன வேலை முடிந்து வெளியே வரும்போது மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாசலில் நின்ற பேருந்தின் படியருகே, ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு பஸ் அக்கா நின்றிருந்தாள். ஒவ்வொரு தலையாகக் கண்ணால் எண்ணினாள்.

ஆலோசகர் ஒதுங்கிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வாங்க மேடம். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். நீங்க?"

"ஓடுது."

"அம்மா?"

"அப்படியேதான். பேச்சு மட்டும் தெளிவாயிடுச்சு. ஓயாம பேசுறாங்க." ஒரு சிறுமியின் பையைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "மேடம், ஒரு விஷயம். பட்டத்தைக் காட்டினதும் நான் டீச்சராயிட்டேன்னு அம்மா நினைச்சுக்கிட்டாங்க. பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் 'என் பொண்ணு ரெண்டாம் வகுப்பு டீச்சர்'னு சொல்றாங்க. நான் திருத்தலை. இந்தச் சட்டையைப் பையில மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புறேன். தெருமுனை திரும்பினதும் போட்டுக்குவேன்."

அவள் அடுத்த பிள்ளையைக் கைகொடுத்து ஏற்றிவிட்டாள்.

"வகுப்புல என்ன நடந்துச்சுன்னு தினமும் கேக்குறாங்க. வண்டியில நடந்ததைத்தான் வகுப்புல நடந்த மாதிரி சொல்றேன். அம்மாவுக்கு உங்களைப் பார்க்கணுமாம். நல்ல மனுஷி, என் பிள்ளையைக் கரையேத்தி விட்டாங்கன்னு. ஒரு நாள் வாங்க. வந்தா, நீங்களும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"சொல்லலை" என்றார் ஆலோசகர்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. மத்தியானம் முழிச்சிருப்பாங்க."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பேருந்து நகர்ந்து, நெரிசலில் கலந்து, அடுத்த சிக்னலில் போய் நின்றது. ஆலோசகர் தம் கைப்பையில் முகவரி எழுதிக்கொள்ள ஒரு தாளைத் தேடினார். பேனா கிடைத்தது. முகவரியை அவளிடம் கேட்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அது கல்லூரிக் கோப்பில் இருக்கும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போய் அந்த அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து என்ன பேசுவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.